விழாத சீட்டு

இரண்டு முறை துவைத்த கோட்டில் அந்த மணம் திரும்பி வந்திருந்தது.

மக்டலீன் அலுமாரிக் கதவைப் பிடித்தபடி நின்றாள். வாசற்கதவுக்கு எதிர்ச் சுவரில் ஒடுக்கமான அலுமாரி. கோயிலுக்குக் கொடுக்கவென்று கட்டிய உடுப்புப் பைகள் கீழே இருந்தன. மேலே கம்பியில் கோட் மட்டும் தொங்கியது. அன்புராசாவின் குளிர்க்கோட். அவர் போய், முப்பத்தோராம் நாள் பூசையும் முடிந்துவிட்டது. அவருடைய மணம் ஒவ்வொரு துணியாக விட்டுப் போய்க்கொண்டிருந்தது. தலையணையில் மட்டும் கொஞ்சம் தலையெண்ணெய் மிச்சம். அதுவும் போகும் என்று அவள் மனதைப் பழக்கி வைத்திருந்தாள்.

கோட்டில் இருந்தது அவருடைய மணம் அல்ல. அவர் போய்வந்த இடத்தின் மணம். வனிலா போல ஒரு தித்திப்பு, அதற்கு அடியில் கம்பளத் தூசு, ஆறிய கோப்பி, பல பேர் கைபட்ட பிளாஸ்டிக். சனம் சூதாட்ட மெஷினை விட்டு எழும்பாமல் இருக்கவென்று கசினோக்காரர் காற்றோடு வாசனை விடுகிறார்கள் என்று அவர்தான் ஒருமுறை சிரித்துச் சிரித்துச் சொன்னார். செவ்வாயும் வெள்ளியும் பின்னேரங்களில் அந்த மணத்தோடுதான் வீட்டுக்குள் வருவார்.

துவைத்த துணியிலும் மணம் மிஞ்சும். ஆனால் நேற்றையைவிட இன்று கூடியிருந்தது. இப்போதுதான் யாரோ கழற்றி மாட்டிவிட்டுக் கை கழுவப் போனதுபோல.

கோட்டின் உட்பக்கத்தைத் தொட்டாள். சூடு.

சுவருக்குப் பின்னால் வெந்நீர்க் குழாய் போகிறது என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். அந்தச் சுவரில் குழாய் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

கைத்தொலைபேசி அடித்தது. மகள்.

"அம்மா, சனிக்கிழமைக்கு லொறி புக் பண்ணியாச்சு. அன்ட்ரூ லீவும் எடுத்திட்டார். பெட்டியெல்லாம் கட்டீட்டீங்களா?"

"கட்டுறன் பிள்ளை."

"லாஸ்ட் வீக்கும் உதைத்தான் சொன்னீங்க."

"ஒரு மனுசியின்ர சாமான் எவ்வளவு? ரெண்டு சுருவம், ஒரு றைஸ் குக்கர்."

ஸ்டெபனி சிரித்தாள். "றைஸ் குக்கர் வேண்டாம் அம்மா. இஞ்ச மூண்டு கிடக்கு, மூண்டும் வெடிங் கிஃப்ட்." பிறகு குரல் இறங்கியது. "அப்பான்ர கோட்டைக் குடுத்திட்டீங்களா?"

"குடுக்கிறன்."

"ப்ளீஸ் அம்மா. அதை இந்த வீட்டுக்குக் கொண்டு வராதேங்கோ. எனக்கு ஏலாது."

ஸ்ரௌவ்வில்லில் மகளும் மருமகன் அன்ட்ரூவும் வாங்கிய புது வீடு. ஸ்டெபனிக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. தாய்க்கென்று ஒதுக்கிய அறைக்கு இளம் பச்சை பூசி, மாதா சுருவம் வைக்கத் தட்டும் அடித்து, படம் எடுத்து அனுப்பியிருந்தாள். மக்டலீன் அந்தப் படத்தை ஒவ்வொரு நாளும் பார்த்தாள். பிள்ளை பிறக்கும்போது அந்த வீட்டில் இருக்க வேண்டும். இனி அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

அலுமாரிக் கதவைச் சாத்தினாள். மணம் சாத்துப்படவில்லை.

*

நவம்பரில் பின்னேரத் தேத்தண்ணி ஆறுவதற்குள் இருட்டிவிடும். அடுத்த நாள் அவள் விளக்கைப் போடாமல் குசினி மேசையில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். கீழே ஸ்காபரோத் தெருவில் பஸ் ஒன்று ஈரத்தில் பெருமூச்சு விட்டு நின்று மறுபடி கிளம்புகிற சத்தமும், மேல்வீட்டுப் பிள்ளை எதையோ உருட்டுகிற சத்தமும், குளிர்சாதனப் பெட்டியின் ஒரே சுருதியும் கலந்து ஓய்ந்த இடைவெளியில், வாசல் பக்கமிருந்து மூன்று சுரங்கள், ஒன்றின்மேல் ஒன்று ஏறி, மிக மெல்லியதாக, மிகச் சந்தோசமாகக் கேட்டன.

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். ஒரேயொரு முறை அவரோடு கசினோவுக்குப் போனபோது கேட்டது. மெஷினுக்குள் கார்டைச் செருகினால் அது அப்படித்தான் வரவேற்கும்.

அந்தக் கார்டில் ஒரு சுருள் கயிறு பூட்டியிருக்கும். பழைய தொலைபேசிக் கயிறு மாதிரி, சிவப்புப் பிளாஸ்டிக். ஒரு நுனி கார்டில், மறுநுனி கோட்டின் பொத்தான் துளையில். "கார்டை மறந்து போகாமல் இருக்கத்தான்" என்று அவர் சொன்னார். "கார்டும் உங்களை மறந்து போகவிடாது" என்றாள் அவள். இருவரும் சிரித்தார்கள்.

செத்தவீட்டுக்குப் பிறகு அதைக் கழற்றி மேசை லாச்சியில், அவருடைய செபமாலைக்குப் பக்கத்தில் வைத்தது அவள் கைதான்.

எழுந்து போனாள். அலுமாரிக் கதவு ஒரு விரல் அளவு திறந்திருந்தது. உள்ளேயிருந்து சிவப்புக் கயிறு வெளியே வந்திருந்தது. அதன் சுருள்களெல்லாம் இழுபட்டு, நேராகி, நடுக்கூடத்தின் இருட்டைக் குறுக்கே தாண்டி வாசற்கதவு வரை போயிற்று. கார்ட், கதவுக்கும் நிலைக்கும் இடையிலான பிளவுக்குள் பாதி போய் நின்றது.

பிடித்து இழுத்தாள். அது கொஞ்சம் வந்தது. பிறகு மெதுவாக, நித்திரையில் பால் குடிக்கிற பிள்ளையைப் போல, திரும்பி இழுத்தது.

கையை விட்டாள்.

*

அன்று இரவு முழுக்க விளக்குகளைப் போட்டபடி கட்டிலில் இருந்தாள். பயத்துக்கு நடுவில் ஒரு நினைவு வந்து ஒட்டிக்கொண்டது.

மக்டலீன் தாச்சி. அந்தக் கட்டடத்திலும் கோயில் பங்கிலும் பல வருடங்கள் சீட்டுப் பிடித்தவள். மாதத்தின் முதல் ஞாயிறு பூசைக்குப் பிறகு பெண்கள் அவள் வீட்டில் கூடுவார்கள். எல்லோரும் பணம் போடுவார்கள். பெயர் எழுதிய துண்டுகளை ஒரு சில்வர் டப்பாவில் போட்டுக் குலுக்குவாள். யாருடைய பெயர் வருகிறதோ அவருக்கு அந்த மாதச் சீட்டு. எடுத்தவரும் கடைசிவரை கட்ட வேண்டும். எடுக்காதவர் காத்திருக்க வேண்டும். முறை எல்லோருக்கும் ஒருதரம் வரும். வராமல் போகாது. அவள் கையில் ஒரு சீட்டும் முறிந்ததில்லை.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. அவளிடம் சீட்டுக் கட்டிவந்த கஸ்பர் செத்தபோது அவருடைய பெயர் இன்னும் விழவில்லை. செத்தவீட்டில், பெட்டி மூடுவதற்கு முன், அவள் அவருடைய மனைவி ஜோசப்பினின் கையைப் பிடித்துச் சொன்னாள்: "குறை நினைக்காதை. ஆள் போனாலும் சீட்டு நிக்கும். இனி நீ கட்டு. உனக்கு ஏலாட்டி பிள்ளையள் கட்டட்டும். அவற்ற முறை வரும்." ஜோசப்பின் அழுதுகொண்டு தலையாட்டினாள். நாலு மாதத்தில் கஸ்பரின் பெயர் விழுந்தது. அந்தப் பணத்தில்தான் கல்லறைக்குக் கல் வைத்தார்கள்.

அன்புராசா மெஷினைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இதைத்தான் சொல்வார். "உதுவும் சீட்டுத்தான் மக்டா. எல்லாருமாப் போடுறம். மேல நம்பர் ஏறுது. ஒரு நாளைக்கு ஒராளுக்கு விழும். நான் போட்டது எங்கயும் போகேல்லை, உள்ளதான் கிடக்கு."

"உங்கட சீட்டுக்கு ஆர் தாச்சி?"

"அதுதான் தெரியேல்லை" என்று சிரிப்பார்.

மகளின் கல்யாணக் கடன் முடியவென்று தொடங்கியவர். கடன் முடிந்த பிறகும் போனார். எழுந்து வந்தால் அடுத்தவன் வந்து தன் இடத்தில் இருந்துவிடுவான் என்றார். அவ்வளவு நாள் கட்டியது அவனுக்கு விழுந்துவிடும் என்றார். அந்தக் கதிரையிலேயே செத்தார்.

முறை வராமல் போனவர். யாரும் அவருடைய சீட்டைத் தொடர்ந்து கட்டவில்லை. அதுதான் இழுக்கிறார்.

இது தோன்றியதும் பயம் பாதி குறைந்தது. சீட்டு என்றால் அவளுக்கு வழி தெரியும்.

விடிய எழுந்து, அவருடைய கோட்டைப் போட்டுக்கொண்டாள். கயிறு மறுபடி சுருண்டு, கார்டோடு பொத்தான் துளையில் தொங்கியது. கை நீளம் அவளுக்குக் கூட. உள்ளே இன்னும் சூடு.

*

இலவச பஸ் பிளாசாவுக்கு முன்னால் நின்றது. உள்ளே எல்லாம் நரைத்த தலைகள். யோகமலர் ஜன்னலோரம் இருந்தாள். முந்தி அதே கட்டடத்தில் குடியிருந்தவள், மக்டலீனிடம் இரண்டு சீட்டுக் கட்டியவள்.

"மக்டலீன் அக்கா! என்ன உலகம் தலைகீழாப் போச்சோ? கசினோவுக்குப் போறவைக்கு மோட்சம் இல்லை எண்டு எனக்குச் சொன்ன ஆள் நீங்கள்தானே."

"உனக்கு மோட்சம் இல்லை எண்டுதான் சொன்னனான். எனக்குச் சொல்லேல்லை."

யோகமலர் வாய்விட்டுச் சிரித்து இடம் விட்டாள். கோட்டைக் கண்டதும் சிரிப்பு நின்றது. வெறும் வயல்கள் ஜன்னலில் போயின. அறுவடை முடிந்த சோளக் கட்டைகள், அவற்றுக்கு மேல் சாம்பல் வானம்.

"அண்டைக்கு நீ பக்கத்திலதானே இருந்தனி" என்றாள் மக்டலீன். இதுவரை கேட்காதது.

"ஓம் அக்கா." யோகமலர் தன் கையைப் பார்த்தாள். "அண்ணை ஒரு சத்தமும் போடேல்லை. தலை மட்டும் சரிஞ்சது. கை பட்டனுக்கு மேலதான். நாங்கள் நித்திரை எண்டு நினைச்சம். பேந்து அம்புலன்ஸ்காரர் வந்து கீழ கிடத்தி நெஞ்சை அமத்தினவை. சுத்திவர ஒருத்தரும் எழும்பேல்லை. காலை மட்டும் ஒதுக்கிக் குடுத்தவை."

"நீ?"

யோகமலர் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு அப்ப போனஸ் ஓடினது அக்கா. இருந்த இடத்தில இருந்து பாத்தனான்."

மக்டலீன் கோட்டின் கைகளை இழுத்து விரல்களை மூடிக்கொண்டாள்.

*

வாசலுக்குள் கால் வைத்ததும் மணம் முகத்தில் அடித்தது. ஜன்னல் இல்லை. மணிக்கூடு இல்லை. வெளியே காலை, உள்ளே எந்நேரமும் முன்னிரவு. நூற்றுக்கணக்கான மெஷின்கள் ஒரே சுருதியில் பாட, அந்தப் பாட்டுக்குள் யாருடைய குரலும் கேட்காமல் போக, விளக்குகள் ஊதாவும் பொன்னுமாக முகங்களின்மேல் வழிந்து எல்லோரையும் தண்ணீருக்கு அடியில் இருப்பவர்கள் மாதிரிக் காட்டின.

அவருடைய வரிசை கடைசிச் சுவரோடு இருந்தது. திரைகளில் பொன் மீன்கள். அவற்றுக்கு மேல் நீளத்துக்கும் ஒரு பெரிய சிவப்பு எண், நிற்காமல் ஏறிக்கொண்டிருந்தது.

"அன்ரி? நீங்கள் இஞ்ச?"

யூட்சன். ஜோசப்பினின் மருமகன். கறுப்பு வெயிஸ்ற்கோட்டும் பெயர் வில்லையுமாக நின்றான். இங்கே வேலை செய்கிறான் என்பது அவளுக்குத் தெரியும். கோயிலில் ஒருவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

"அவர் இருந்த கதிரை எது தம்பி?"

அவன் கைகாட்டினான். கதிரை மெஷினை நோக்கிச் சாய்த்து விடப்பட்டிருந்தது. ஆள் வரும், இருக்காதே என்பதற்கு இங்கே அதுதான் அடையாளம். "ஆரோ பிடிச்சு வச்சிருக்கினம் போல" என்றான். "காலமை வரேக்கையும் இப்பிடித்தான் நிண்டது."

"எனக்குத்தான்" என்றாள்.

அவன் சிரிக்க முயன்றான். "அன்ரி, ஒண்டு சொல்லட்டோ. உந்த நம்பரைப் பாக்காதேங்கோ. அது கசினோன்ர காசில்லை. நீங்கள் எல்லாரும் ஒவ்வொருக்கா அமத்தேக்கையும் அதில ஒரு துளி மேல போகுது. அவ்வளவுதான். கசினோ தன்ர பங்கை வேறயா எடுத்திடும். விழுந்தாலும் அவைக்கு நட்டமில்லை, விழாட்டிக் கொண்டாட்டம். நம்பர் ஏற ஏறத்தானே சனம் வரும்."

"தாச்சி தன்ர கழிவை எடுக்கத்தானே செய்வான்."

"விழுந்த பிறகு திரும்பத் தொடங்கிற நம்பர் இருக்கே, அதுக்கும் இப்பவே உங்களிட்டைத்தான் எடுக்கினம். இஞ்ச மட்டும் இல்லை. எத்தினையோ கசினோவில இருக்கிற மெஷினெல்லாம் ஒரே நம்பர். எங்க விழும் எண்டு ஆருக்கும் தெரியாது."

"விழும்தானே?"

"ஒராளுக்கு" என்றான் யூட்சன். "என்ர மாமாவும் சாகுமட்டும் உந்த வரிசையிலதான் இருக்கிறவர். கஸ்பர் மாமா. அங்கிளும் அவரும் ஒண்டாத்தானே வாறவை."

அவள் கார்டைச் செருகினாள். மூன்று சுரங்கள். திரையில் பொன் எழுத்துகள் எழுந்தன. மீண்டும் நல்வரவு, அன்புராசா.

யூட்சனின் முகம் மாறியது. "அங்கிளின்ர கார்டை அண்டைக்கே குளோஸ் பண்ணினதே. நான்தானே பேப்பர் குடுத்தனான்." எட்டிக் கார்டைத் தொடப் போனான். அவனுடைய காதுக் கருவியில் யாரோ கூப்பிட்டார்கள். "அமத்தாதேங்கோ அன்ரி. நான் கேட்டுக்கொண்டு வாறன்."

போனான். மக்டலீன் கதிரையை நேராக்கி இருந்தாள்.

இருக்கை சூடாக இருந்தது.

*

காசுத் தாளை உள்ளே கொடுத்தாள். பொத்தானை அமத்தினாள். மீன்கள் சுழன்று நின்றன. ஒன்றும் இல்லை. மறுபடி அமத்தினாள். மேலே எண் ஏறியது. ஒவ்வொரு அமத்தலோடும் அது ஏறுவதைக் கண்டபோது அவளுக்குள் ஒரு சின்னத் திருப்தி வந்தது. கட்டுகிறேன். உங்களுடையதைத்தான் கட்டுகிறேன்.

எவ்வளவு நேரம் போயிற்று என்று தெரியவில்லை. யூட்சன் திரும்பி வரவில்லை. பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. அதற்குள் வேறொரு சத்தம் இருப்பதை அவள் மெல்ல மெல்லத்தான் உணர்ந்தாள். தகரத்துக்குள் காகிதத் துண்டுகள் குலுங்குகிற சத்தம். சுவருக்குப் பின்னாலிருந்து. பெரிய டப்பா. மிகப் பெரியது. குலுக்குகிற கை நிறுத்தவே இல்லை.

துண்டை எடுத்தால்தான் நிறுத்துவார்கள். இங்கே யாரும் எடுக்கவில்லை.

பக்கத்துக் கதிரை காலி. அதற்கு அப்பால் ஒரு கிழவர். அவருடைய கழுத்தில் டை. கசினோவுக்கு யார் டை கட்டி வருவார்கள் என்று நினைத்தாள். சாம்பல் கோட், உள்ளே வெள்ளைச் சேட்டு. விரல்களுக்கிடையில் ஒரு செபமாலை சுற்றிக் கட்டியிருந்தது, பெட்டிக்குள் வைக்கும்போது கட்டுவதுபோல. அந்தக் கையால்தான் அமத்தினார். அமத்தும்போதெல்லாம் மணிகள் பொத்தானில் தட்டின.

பக்கவாட்டு முகம். நாடியில் அவளுக்குத் தெரிந்த வெட்டுத் தழும்பு.

கஸ்பர்.

"அண்ணை" என்றாள். மறுபடி சொன்னாள். "கஸ்பர் அண்ணை."

அவர் திரும்பவில்லை. கண்களில் மீன்கள் ஓடின. கண் இமைக்கவில்லை.

அவருக்கு அப்பால் ஒருவர். அவருக்கு அப்பால் இன்னொருவர். எல்லோருடைய மார்பிலிருந்தும் கயிறு. சிவப்பு. சிலருக்குக் கோட்டிலிருந்து. சிலருக்குக் கோட்டுக்கு உள்ளேயிருந்து.

எழும்ப வேண்டும்.

பொத்தானின்மேல் இருந்த தன் கையைப் பார்த்தாள். அதற்கு அடியில் இன்னொரு கை இருந்தது.

குளிர்ந்த கை. பெருவிரல் நகத்தில் கறுப்புப் புள்ளி. அன்புராசாவின் விரலைக் கார்க் கதவு நசித்த தடம். அவள் மடியிலிருந்து நீண்டது போலவும், கதிரைக்கு உள்ளிருந்து நீண்டது போலவும் இருந்தது. தன் முதுகுக்குப் பின்னால் இருப்பது கதிரையின் சாய்வு அல்ல என்பது அப்போதுதான் தெரிந்தது. அவள் அவர்மேல் இருந்தாள்.

பயம் வந்த வேகத்தில் அழுகையும் வந்தது.

"இஞ்சேருங்கோ" என்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. "போதும். எழும்புங்கோ. உங்கட சீட்டை நான் கட்டுறன்."

கை அமத்தியது. மறுபடி அமத்தியது.

"நான் தாச்சி சொல்லுறன். நான் பொறுப்பு. நீங்கள் போங்கோ."

கை நின்றது.

மெதுவாக, ஒவ்வொரு விரலாக, அவள் கைக்கு அடியிலிருந்து அது நழுவியது. முதுகுக்குப் பின்னால் ஒரு பாரம் எழுந்தது. கதிரை லேசாகியது. அவருடைய கருநீலச் சூட் அவளைக் கடந்து போனதைக் கடைக்கண்ணில் கண்டாள். பெட்டிக்குள் வைத்த சூட். மேற்பையில் அவளே மடித்து வைத்த வெள்ளைக் கைலேஞ்சி. நடந்தார். அவர் நடந்தார்.

ஆண்டவரே, ஸ்தோத்திரம் என்றாள்.

அப்போது பாட்டு நின்றது.

எல்லா மெஷினிலும். ஒரே கணத்தில். மேலே சிவப்பு எண் நின்று, மூன்று முறை மின்னியது. எங்கோ விழுந்துவிட்டது. வேறு ஊரில், வேறு கசினோவில், வழியில் கோப்பி குடிக்க இறங்கின யாருக்கோ. எண் உதிர்ந்தது. கீழே, மிகக் கீழே, ஒரு சின்ன எண்ணாக வந்து நின்றது.

வரிசையிலிருந்த எல்லோரும் மூச்சு விட்டார்கள். ஒரே மூச்சு. அதில் மண் மணம் இருந்தது.

பிறகு எண் ஏறத் தொடங்கியது. பாட்டும்.

கஸ்பர் அமத்தினார்.

மக்டலீன் அந்தச் சின்ன எண்ணைப் பார்த்தபடி இருந்தாள். தாச்சியாக இருந்த அத்தனை வருடமும் அவள் யாருக்கும் சொல்லத் தேவைப்படாத ஒன்று இப்போது புரிந்தது. சீட்டுக்கு ஒரு முடிவு உண்டு. கடைசிப் பெயரும் விழும். டப்பா காலியாகும். எல்லோரும் தேத்தண்ணி குடித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

இது சீட்டு இல்லை.

ஆனால் வாக்கு வாக்குத்தான். சொல்லிவிட்டாள். நான் பொறுப்பு.

எழும்பப் பார்த்தாள். கோட் விடவில்லை. கயிற்றைப் பிடித்தாள். அது பொத்தான் துளையில் இல்லை. துளைக்கு உள்ளே போயிருந்தது. சட்டைக்கும் உள்ளே. விரலால் தேடினாள். தோல்வரை போயிருந்தது. தோலில் நிற்கவில்லை.

வலதுகை பொத்தானில் இருந்தது. அமத்தியது. அவள் அமத்தவில்லை.

"இஞ்சேருங்கோ!"

அவர் போகவில்லை.

பக்கத்துக் காலிக் கதிரைக்கு அருகில் நின்றார். முகம் தெரியவில்லை, ஊதா வெளிச்சம் அதன்மேல் வழிந்தது. கதிரையின் முதுகைப் பிடித்து, பூப்போல, மெஷினை நோக்கிச் சாய்த்தார். பிறகு மேற்பையிலிருந்து கைலேஞ்சியை எடுத்தார். உதறினார்.

தமிழ்ப் பூசைக்கு அவர் எப்போதும் முன்னதாகவே போய்விடுவார். கோயில் வாங்கில் கைலேஞ்சியை விரித்து இடம் பிடித்து வைப்பார். மகளுக்கு.

"இல்லை" என்றாள் மக்டலீன். "இல்லை, இல்லை. வேண்டாம்."

இருக்கையில் விரித்தார். நுனிகளை இழுத்துச் சுருக்கம் எடுத்தார்.

கைப்பைக்குள் தொலைபேசி அடித்தது. இடதுகையால் எடுத்தாள்.

"அம்மா? எங்க நிக்கிறீங்க? வீட்டுக்கு வந்தன், கதவு திறந்து கிடக்கு. அம்மா, வீடு முழுக்க ஒரு மணம், அப்பா வந்த மாதிரி. எனக்குப் பயமா இருக்கு." பிறகு குரல் கூர்மையானது. "அந்தச் சத்தம் என்ன? கசினோவிலயா நிக்கிறீங்க?"

"வராதை." வாய் அசைந்தது. பாட்டு அதை மூடியது. "பிள்ளை, வராதை."

"கேக்கேல்லை அம்மா. அழுறீங்களா? ஓகே, ஓகே. அங்கயே இருங்கோ. அசையாதேங்கோ. நான் வந்து கூட்டிக்கொண்டு போறன்."

"ஸ்டெபனி—"

கட்டாகிவிட்டது.

கட்டைவிரலால் மகளின் எண்ணைத் தேடினாள். தொலைபேசி மடியில் விழுந்து, கம்பளத்தில் உருண்டது. வலதுகை அமத்தியது. மீன்கள் சுழன்றன. மேலே ஒரு துளி ஏறியது.

வெள்ளைக் கைலேஞ்சி கதிரையில் விரிந்து கிடந்தது. அதற்குப் பக்கத்தில் அன்புராசா, கைகளை முன்னால் கட்டிக்கொண்டு, கோயிலில் பூசை மணி அடித்த பிறகும் மகளைக் காணாவிட்டால் நிற்பதுபோல், குதிகாலை உயர்த்தி, வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.